நாற்பத்தோராம் பக்கம்

"வெள்ளிக்கிழமை உன் தங்கச்சி வந்துடுவா" என்று அத்தை சொன்னபோது மருமகள் நான்காவது மாட்டின் மடியில் கை வைத்திருந்தாள். கறப்பதை நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்தினால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். அப்புறம் கெஞ்சினாலும் விடாது.

அத்தை வைக்கோலைத் தள்ளிவிட்டபடியே மீதியையும் சொல்லி முடித்தாள். கடுமையாகச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. உன்னை யாரும் தள்ளிவைக்கவில்லை, நீ பாட்டுக்கு மாட்டைப் பார்த்துக்கொண்டு இரு, அவளும் உன் புருஷனையே கட்டிக்கொண்டு ஒரு பிள்ளையைப் பெற்றுக் கொடுக்கட்டும், கூடப்பிறந்தவள்தானே, வெளியாளா வரப்போகிறாள்.

"அவ படிச்சிட்டிருக்கா அத்தை."

"நீயுந்தான் படிச்ச. இப்ப மாடு கறக்கலையா?"

மருமகளுக்கு அந்த வீட்டு மாமனார் வெறும் மாமனார் இல்லை. அவள் தாயோடு கூடப்பிறந்த சொந்தத் தாய்மாமன். அவர் மகனைத்தான் அவள் கட்டியிருந்தாள். அவருடைய அப்பாவும் அம்மாவுங்கூட மாமன் மகன், அத்தை மகள். நிலமும் மாடும் வெளியே போய்விடக் கூடாது என்று மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பம் தனக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தது. கல்யாணமான ஏழு வருடத்தில் அவளுக்கு இரண்டு முறை ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. ஒரு குழந்தை பிறந்து பதினொரு நாள் இருந்தது. இருவருக்கும் ரத்தம் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு அலமாரியில் மடித்தபடியே கிடந்தது. "நம்ம ரத்தத்த எவன் சோதிக்கிறது?" என்று மாமா கேட்டதோடு சரி. புருஷன் பால் வண்டி ஓட்டுகிறவன். அப்பாவின் முன்னால் பிரேக் மட்டும்தான் போடத் தெரியும்.

மாமாவின் கொட்டகையில் இருபத்திரண்டு மாடுகள். எல்லாம் கறுப்பு வெள்ளை, பெரிய உடம்பு, குடம் குடமாகப் பால். தன் கொட்டகைக் காளையைத் தவிர வேறெதையும் அவர் அண்டவிட்டதில்லை. அந்தப் பெருமை ஒருநாள் திரும்பி வந்து முட்டியது. சினை பிடிக்கவில்லை. பிடித்தாலும் மாதம் நிறையாமலே கன்று வீசியது. வெயில் ஏறினால் வாயில் நுரை, மண் ஈரமானால் குளம்பில் புண். சங்கத்தில் பாலை அளந்தவர்கள் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தார்கள். போன வருடம் ஐந்து கன்றுகளுக்குக் குழி வெட்டிய பிறகு மாமா தானே போய் மாடுகளின் ரத்தத்தைச் சோதிக்கக் கொடுத்தார். கலப்பினத்துக்கு மாறுவது என்று முடிவெடுத்தார். மாறியவர் சும்மா இருக்கவில்லை. எதிரில் வந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துப் பாடம் எடுத்தார்.

"செவப்பு மாடு இருக்கே, உடம்பு சின்னது, குளம்பு கல்லு. பால் கம்மிதான், ஆனா கெட்டி. அதையும் இதையும் சேர்த்தா ரெண்டோட நல்லதும் கன்னுக்கு வந்துடும். பொறந்த அரை மணியில எழுந்து நிக்கும். ஒரே ரத்தத்தையே திருப்பித் திருப்பிக் கலக்கினா? தேங்கின குட்டைதான்."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு மருமகள் இதை முப்பது தடவையாவது கேட்டிருப்பாள்.

அன்றைக்குப் பத்து மணிக்குச் சினை ஊசிக்காரர் வருவதாக இருந்தது. அதற்குள் மாமா பதிவேட்டைப் பார்த்து வைக்க வேண்டும். சங்கம் கொடுத்த பதிவேடு அது. விற்றது, செத்தது உட்பட மாட்டுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் எண்ணும் முத்திரையும் உண்டு. ஒன்றைக் கிழித்தால் புத்தகமே செல்லாது. பெயர் எழுதும் வழக்கமில்லை, எண்கள்தான். தாய், தந்தை, அவற்றின் தாய் தந்தை, ஈன்ற கன்று, வீசிய கன்று. கடைசிக் கட்டத்தில் வீட்டுக்காரர் தன் முடிவை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுத்து அழகாக இருக்கிறதென்று மற்றதை மருமகளிடம் விட்டிருந்தார்கள்.

கேன்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள் அடுத்த வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள். நாற்பத்தொன்று. இரண்டு தடவை பேனாவை மூடினாள். இது சரிதானா, நமக்கு என்ன தெரியும் என்று யோசித்தாள். உறவுமுறையை விரல் விட்டு மறுபடி எண்ணிப் பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் வந்தது. எழுதினாள்.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கன்று வீசிய ஐந்து மாடுகளின் பக்கங்களில் வைக்கோல் துணுக்கு அடையாளம் இருந்தது. ஒவ்வொன்றிலும் "வெளி இனம் சேர்க்கவும்" என்று எழுதிச் சுழித்துக் கையெழுத்திட்டார். ஆறாவது துணுக்கில் கை நின்றது.

"இது எதும்மா, நெத்திச்சுட்டி மாடா?"

"இல்ல மாமா. வீட்டுல இருக்கறதுதான்."

விரலை வைத்து வாசித்தார். இதன் தாய்க்கும் காளையின் தந்தைக்கும் பெற்றோர் ஒன்று. அந்தப் பெற்றோரும் ஒரே வம்சம். வீசியது இரண்டு. பிறந்து செத்தது ஒன்று. அடுத்த உத்தேசம்: அதே காளைக்கு இதன் தங்கை.

"தங்கச்சியையும் அதே காளைக்கா? எந்த மடையன் சொன்னான்?"

"பெரியவங்க முடிவு மாமா."

"சங்கத்துப் பெரியவங்களா? நாற்காலியில உக்காந்தவனுக்கு மாட்டப் பத்தி என்ன தெரியும். இது வாயில்லாத ஜீவன்மா. இது மேல தப்பே இல்ல. சேர்த்தவன் மேலதான் தப்பு."

அழுத்தி எழுதினார்: "இந்த வம்சத்துக்குள் இனிச் சேர்க்கக் கூடாது." கீழே கோடு வேறு போட்டார்.

"அதக் கொண்டு வந்து முன்னால நிறுத்து. ஊசிக்காரர் பார்க்கட்டும்."

"நின்னுட்டுதான் இருக்கேன் மாமா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி பக்கத்தைப் பார்த்தார். எண்கள் ஒவ்வொன்றாக ஆட்களாகிக்கொண்டிருந்தன. அவர் அப்பா, அவர் அம்மா, அவர் தங்கை, அவர் மகன். கட்டைவிரல் தாளின் மூலையைப் பிடித்தது. அங்கே முத்திரை இருந்தது. விரல் விலகியது.

"மாடும் மனுஷனும் ஒண்ணா?" என்றார்.

"இல்ல மாமா. மாட்டுக்கு ரத்தம் சோதிச்சீங்க."

ஊசிக்காரரின் வண்டி வாசலில் வந்து நின்றது. அவர் பதிவேட்டை வாங்கி வரிசையாகக் கையெழுத்திட்டுக்கொண்டே போனார். கடைசிப் பக்கம் வேண்டாம், தவறாக எழுதிவிட்டார்கள் என்று மாமா மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"நம்பர் விட்டா ஆபீஸ்ல கேப்பாங்க சார்." ஊசிக்காரர் மேலிருந்து கீழே வாசித்தார். "தப்பு ஒண்ணும் இல்லையே. சரியாத்தான் முடிவு பண்ணியிருக்கீங்க." கையெழுத்துப் போட்டார்.

அடுப்படியிலிருந்து அத்தை, சின்னவளை எத்தனை மணி பஸ்ஸுக்குக் கிளம்பச் சொல்வது என்று கேட்டாள். இரண்டாம் முறை கேட்டபோது மாமா மாடுகளைப் பார்த்தபடி பதில் சொன்னார்.

"வர வேண்டாம்னு சொல்லு."

ஏனாம் என்றாள் அத்தை. அவர் ஊசிக்காரரை முதல் மாட்டிடம் கூட்டிப்போனார். மருமகள் வழக்கம்போல் கயிற்றைப் பிடித்தாள். ஊசி போட்டு முடிகிறவரை மாடு தலையை அவள் தோளில் சாய்த்திருந்தது. கனமாக இருந்தது. அவளுக்குத் தள்ளிவிடவும் தெம்பில்லை.

பிறகு உள்ளே போய்க் கை கழுவினாள். அலமாரியிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்து, மடிப்பை நீவி, நாற்பத்தோராம் பக்கத்தில் வைத்துப் பதிவேட்டை மூடினாள். அதை மாமா உட்காரும் நாற்காலியின் மேல் வைத்துவிட்டுச் சாணி அள்ளப் போனாள்.