வரி அலுவலகத்தில் விதவையானேன்

மிலானில் பதினேழு வருடம் யாரோ ஒரு கிழவியைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, ஊர் திரும்பிய எனக்கு லிப்பாவில் ஒரு பள்ளிக்கூட உணவகத்தில் கல்லாவில் உட்காரும் வேலை கிடைத்தது. பாதிதான் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். வரிப் பதிவில் நான் இன்னும் 'திருமணமானவர்'. பள்ளி விண்ணப்பத்திலோ என் நாத்தனார் பெர்லிதா 'விதவை' என்று நிரப்பிவிட்டாள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் மாற்றிக்கொண்டு வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

மாற்றுவது பெரிய வேலையில்லை. ஒரு படிவமும் ஓர் இறப்புச் சான்றிதழும் போதும். எனக்குத்தான் மனம் வரவில்லை. என் புருஷன் ஒனோஃப்ரே போய் மூன்று வருடமாகிறது. நான் பார்க்காத சாவு அது. ஊரே சேர்ந்து பொய் சொல்கிறது என்று நினைக்கும் அளவுக்கு நான் கிறுக்கியில்லை. ஆனால் அவன் இல்லை என்று என் கையாலேயே எழுதித் தர எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

"அண்ணி, கிளம்புங்க. இன்னிக்கே வியாழக்கிழமை. எத்தனை தடவ சட்டைய மாத்துவீங்க? வரி ஆபீசுக்குப் போறோம், ஞானஸ்நான விருந்துக்கு இல்ல," என்றாள் பெர்லிதா.

"உனக்கென்ன, நீயா எழுதப்போற?"

"நான் எழுதுனா செல்லும்னா மூணு வருஷத்துக்கு முன்னாடியே எழுதியிருப்பேன்."

அவளுக்கு வாய் நீளம். அண்ணனைப் போலவே.

அந்த அலுவலகத்துக்கு நான் முன்பே ஒருமுறை வந்திருக்கிறேன். கல்யாணம் முடிந்த வாரம், 'தனியாள்' என்றிருந்த என் பதிவை மாற்ற ஒனோஃப்ரேதான் கூட்டிவந்தான். மின்சார வேலைக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, கல்யாணத்துக்குத் தைத்த பூவேலைச் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு வந்து நின்றான். பங்குனி வெயிலில் முதுகெல்லாம் நனைந்து சட்டை ஒட்டிக்கொண்டது. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எதுக்குடா இந்தக் கோலம்?" என்று கிசுகிசுத்தேன்.

"சர்ச்சுல சாமிக்குச் சொல்லியாச்சு. இப்ப அரசாங்கத்துக்குச் சொல்றோம். சாமிக்குப் போட்ட சட்டை இவங்களுக்கு ஆகாதா?"

முகப்பில் இருந்த அம்மாளிடம், "நேத்து வரைக்கும் இவ தனியாளு. இனிமே இவளுக்கு வரி போடணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க," என்றான். அந்த அம்மாள் சிரித்ததில் முத்திரை கோணலாக விழுந்தது. வெளியே வந்து சர்க்கரையில் பொரித்த வாழைப்பழம் ஒரு குச்சி வாங்கி, ஆளுக்கொரு கடியாகத் தின்றபடி வீடுவரை நடந்தோம். பேருந்துக்குக் காசு இல்லாமல் இல்லை. நடக்கவேண்டும் போல் இருந்தது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் இன்னொன்று வந்ததா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். வரவில்லை.

அவன் மின்கம்பத்திலிருந்து விழுந்து செத்தபோது என் இத்தாலிய அனுமதி புதுப்பிப்பில் கிடந்தது. கிளம்பியிருந்தால் திரும்ப நுழைய முடியாது. மகனின் கப்பல் படிப்பும் பாதியில் நின்றிருக்கும். அதனால் பெர்லிதா தன் கைபேசியைச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் பெட்டிக்குள் எட்டிப்பார்த்துவிட்டு, குனிந்து கைபேசிக்கும் ஆறுதல் சொன்னார்கள். பின்னால், பிணத்துக்குக் காவலாக விடிய விடியச் சீட்டாடுகிறவர்களின் சத்தம் கேட்டது. நான் ஒரு கையில் கைபேசியும் மறு கையில் கிழவியின் சூப்புக் கிண்ணமுமாக நின்றேன். அழக்கூட இல்லை, சூப்பு ஆறிக்கொண்டிருந்தது.

இப்போது முகப்பில் இருந்தது இளவயதுப் பெண். முகத்தில் தூக்கம் இருந்தாலும் குரல் மரியாதையாக இருந்தது.

"என்ன மாத்தணும் மேடம்?"

"நிலை."

"இப்ப என்ன நிலை?"

"கல்யாணம் ஆனவ," என்றேன்.

பெர்லிதா என் இடுப்பில் கிள்ளினாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "அதுதானே ஏற்கெனவே இருக்கு மேடம்?"

"புருஷன் இறந்துட்டார்," என்றாள் பெர்லிதா, என்னை முந்திக்கொண்டு. "என் அண்ணன்தான். இவங்க இத்தாலியில இருந்தாங்க, அடக்கத்துக்கு வர முடியல."

"சரி மேடம். ஆனா அவங்கதான் எழுதணும்."

பேனாவை எடுத்தேன். இறந்த தேதி என்று இருந்த இடத்தில் முள்ளை வைத்ததும் கை நின்றுவிட்டது. மூன்று வருடமாக எங்கே தேங்கிக் கிடந்ததோ, அத்தனையும் அங்கே, குளிர்சாதனத்தின் சத்தத்துக்கு நடுவில், வெளியே வந்தது. வாய்விட்டு அழுதேன். பெர்லிதாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளும் அழ ஆரம்பித்தாள்.

எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் தொப்பியைக் கழற்றினார். "உங்க துக்கத்துல நானும் சேந்துக்கிறேம்மா," என்று என் கையைப் பிடித்தார். அடுத்து ஒரு கர்ப்பிணி அதையே சொல்லிக் கையைப் பிடித்தாள். பிறகு வரிசையே ஒவ்வொருவராக முன்னால் வந்தது. முகம் தெரியாதவர்கள். ஆனால் கையெல்லாம் சூடாக இருந்தது. கைபேசியில் வந்த ஆறுதல் எதிலும் அந்தச் சூடு இருந்ததில்லை. முகப்புப் பெண்ணும் எழுந்து நின்றாள். நான் தேதியை எழுதினேன். 'விதவை' என்ற கட்டத்தில் குறி போட்டேன்.

வெளியே வந்ததும் பெர்லிதா மூக்கைச் சிந்திவிட்டு, "வாங்க, லோமி கடையில ஒரு கிண்ணம் சாப்பிட்டுட்டுப் போலாம்," என்றாள்.

"பசிக்கல."

"பசிக்கா கூப்பிடறேன்? உள்ள நடந்தது துக்க வீடு இல்லாம வேறென்ன? துக்க வீட்டுலருந்து நேரா வீட்டுக்குப் போகக் கூடாது அண்ணி. எங்கயாவது உக்காந்து எழுந்துதான் போகணும். இல்லன்னா செத்தவங்க கூடவே வீட்டுக்கு வந்துருவாங்க."

எனக்கும் அது தெரியும். எந்தச் சாவுக்குப் போனாலும் நானும் அப்படித்தான் நூடுல்ஸ் கடையில் ஏறி இறங்கிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

"நேரா வீட்டுக்குப் போறோம்," என்றேன்.

"அண்ணி, சொன்னா கேளுங்க..."

நான் கைகாட்டி, ஆள் ஏற்றிப் போகும் ஜீப்னி வண்டி ஒன்றை நிறுத்தி ஏறிவிட்டேன். பெர்லிதா முணுமுணுத்துக்கொண்டே ஏறி என்னை ஒட்டி உட்கார்ந்தாள். கட்டணத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தேன். அது கைமாறி ஓட்டுநரிடம் போனது.

"எத்தனை பேருக்கு?" என்றார் ஓட்டுநர்.

"மூணு."

அவர் கண்ணாடியில் எங்களைத் தேடினார். "ரெண்டு பேருதானேம்மா ஏறினீங்க?"

பெர்லிதா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்ல நகர்ந்து, எனக்கும் தனக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும்படி இடம் விட்டாள்.

"மூணு பேருதாண்ணே, ஓட்டுங்க," என்றாள்.