சும்மா இருக்கிற வீடு

ஆடிட்டர் அம்மாவின் மேசையில் என் பையைக் கவிழ்த்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பெயின்ட் அடித்த பில், குழாய் மாற்றிய பில், காப்பீடு, வங்கிக் கடனுக்குக் கட்டிய வட்டி என்று ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருந்தேன். தையல் ஆலையில் துணி வெட்டுகிறவள் நான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் பார்த்து, வாடகைக்கு விடுவதற்கென்றே என் பெயரில் வாங்கிய சின்ன வீடு அது. செலவையெல்லாம் வரியில் கழித்துக்கொண்டால் கையில் கொஞ்சம் நிற்கும், ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். வலது மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது. ஓய்வு கொடுக்காவிட்டால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பக்கத்து நாற்காலியில் என் கணவர். நான் கூப்பிடவில்லை, அவராகத்தான் வந்திருந்தார்.

"வீடு வாங்கிப் பத்து மாசம் ஆச்சு. வாடகைன்னு ஒரு காசுகூடக் காட்டலையே?" என்று கேட்டார் ஆடிட்டர் அம்மா.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். "வீடு சும்மாதாங்க இருக்கு."

"ஆள் தேடினீங்க, கிடைக்கல. அப்படித்தானே? அப்ப பிரச்சினை இல்ல, காலியா இருந்த மாசத்துச் செலவையும் கழிச்சுக்கலாம்." அவர் பேனாவை எடுத்து ஒவ்வொரு பில்லாக டிக் அடிக்க ஆரம்பித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "காலியா இல்லைங்க. இவரு தம்பி இருக்காரு."

பேனா நின்றது. "வாடகைக்கா?"

"சேச்சே, சும்மாதான் இருக்கான்," என்றார் என் கணவர்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பத்து மாதமாக என் தலையில் மிளகாய் அரைக்கிறார். வீடு சும்மாதானே இருக்கு, தம்பி சும்மாதானே தங்கியிருக்கான், நீ ஏன் சும்மா சும்மா கத்தறே.

கொழுந்தனுக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'ரெண்டு நாள்'. "ரெண்டே நாள் அண்ணி, வேற இடம் பாத்துடறேன்" என்று பெட்டியோடு வந்து நின்றபோது சுவரில் பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. வேலை போய்விட்டது, பாவம் என்று நானேதான் சாவியைக் கொடுத்தேன். அடுத்த மாதமே வேலை கிடைத்தது. பிறகு புது பைக் வந்தது, சுவரை அடைக்கிற மாதிரி டிவி வந்தது. கிளம்பும் பேச்சு மட்டும் வரவில்லை. "அண்ணி, வெந்நீர் வர மாட்டேங்குது, ஆள் அனுப்புங்க" என்று எனக்குத்தான் போன் வரும். நானும் அனுப்பினேன். அந்த பில்லும் இந்தக் குவியலில்தான் இருந்தது.

ஆடிட்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "வாடகைக்கு விட்டிருக்கணும், இல்லேன்னா விடறதுக்கு ஆள் தேடிக்கிட்டாவது இருக்கணும். சொந்தக்காரருக்கு ஓசியில குடுத்த வீட்டுக்கு எதையும் கழிக்க முடியாதும்மா."

டிக் அடித்த பில்களையும் சேர்த்து என் பக்கம் தள்ளினார்.

என் கணவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "மேடம், தம்பி மாசாமாசம் வாடகை குடுத்தான்னு போட்டுட்டா? அவன் எங்க வேணா கையெழுத்துப் போடுவான்."

"அவர் போட்டா போதாது சார். வராத வாடகைய வந்ததா காட்டி இவங்க கையெழுத்துப் போடணும், அந்த வருமானத்துக்கு இவங்க கணக்கு சொல்லணும். நாளைக்குப் பொய்னு தெரிஞ்சா அபராதமும் இவங்க தலையிலதான். இந்த வேலைக்கு நான் வரமாட்டேன், வேற ஆளைப் பாருங்க."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சரி விடு. வரிக் கழிவு இல்லேன்னா போகுது. நீ எப்படியும் ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போறவதானே."

இதைச் சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மனுஷன்!

"உங்க தம்பி கால் நீட்டிப் படுக்கறதுக்கு என் கை தேயணுமா?"

"மெதுவாப் பேசு. வெளியில நாலு பேர் உக்காந்திருக்காங்க."

"கேட்கட்டும். நாலு பேருக்கும் தெரியட்டும்."

ஆடிட்டர் அம்மா தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். நான் குடிக்கவில்லை. "இன்னைக்கே வாடகைக்கு விட ஆரம்பிச்சா?" என்று கேட்டேன்.

"போனது போனதுதாம்மா. இனிமே ஆகற செலவுக்குக் கழிவு உண்டு. ஆனா நிஜமாவே ஆள் தேடணும். அவர் உள்ள இருக்கக் கூடாது."

படியிறங்கும்போதே வீட்டு புரோக்கருக்குப் போன் போட்டேன். தம்பி மனசு கஷ்டப்படும் என்று என் கணவர் சொன்னதைக் கேட்டு நான் பலமுறை திருப்பியனுப்பிய மனிதர் அவர். "ஆள் இருக்குங்க, இப்பவே கூட்டிட்டு வரட்டுமா?" என்றார். வரச் சொன்னேன்.

வழி முழுக்க என் கணவர் பின்னாலேயே புலம்பிக்கொண்டு வந்தார். "திடீர்னு போகச் சொன்னா அவன் எங்கடி போவான்?"

"நம்ம வீட்டுக்கு வரட்டும். நீங்க சமைச்சுப் போடுங்க, நீங்க துணி துவைச்சுக் குடுங்க. நான் குறுக்க வரல."



என் சின்ன வீட்டு வாசலில் புரோக்கரும் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியும் காத்திருந்தார்கள். கதவைத் தட்டவில்லை நான். என் சாவியைப் போட்டுத் திறந்தேன். கூடத்தையும் சமையலறையையும் காட்டினேன், புதுக் குழாயைத் திருகிக் காட்டினேன். படுக்கையறைக் கதவைத் தள்ளினால், மதியம் தாண்டியும் வேலைக்குப் போகாமல் போர்வைக்குள் கிடந்தார் 'ரெண்டு நாள்'.

"என்ன அண்ணி இது, சொல்லாம கொள்ளாம?" என்று போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். என் கணவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். அந்தப் பெண் தயங்கி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வாம்மா, கூச்சப்படாதே," என்றேன். "ஜன்னலைத் திறந்தா நல்ல காத்து வரும். கட்டில் வாடகையில சேர்த்தி. அதுல கிடக்கறது சேர்த்தி இல்ல, சாயங்காலத்துக்குள்ள எடுத்துடுவோம்."