பூவத்தைத் தாண்டாத ரத்தம்

காரைக்கால்காரர்களின் ரத்தம் வடக்கே பூவம் எல்லையைத் தாண்டினால் தண்ணீராகிவிடும் என்பது தெரியவந்தபோது, மருத்துவக் கல்லூரியில் ரத்தநோய்ப் பேராசிரியர் பதவி காலியாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதுவரை சந்தேகமான ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் புதுச்சேரிக்கு அனுப்பிச் சமாளித்தார்கள். அந்த வருட மழைக்காலத்துக்குப் பிறகு, வந்த குழாய்களில் எல்லாம் தண்ணீர்தான் இருக்கிறது என்று அங்கிருந்து புகார் வந்தது. முதலில் பெட்டியைக் குறை சொன்னார்கள், அப்புறம் டிரைவரை. கடைசியில் டீன் சஃபியுல்லாவே ஒரு குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார். பூவம் தாண்டியதும் அவர் கண்ணெதிரிலேயே சிவப்பு வெளுத்துப்போனது. உடம்புக்குள் இருக்கிறவரை ரத்தத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. வெளியூரில் ஊசி குத்தி எடுத்தால் தண்ணீர்தான் வந்தது. கண்ணாடித் தகட்டில் தடவி செல்போனில் படம் எடுத்து அனுப்பினாலும் அந்தப் பக்கம் வெறும் கண்ணாடியே தெரிந்தது. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் ரத்தம் மட்டும் சிவப்பாகப் போய்ச் சேர்ந்தது. அவர்களில் இங்கேயே ரேஷன் கார்டு வாங்கியவர்களுக்கும் சிவப்புதான். எதை வைத்து இந்தக் கணக்கு என்று யாருக்கும் பிடிபடவில்லை. நெரவியில் ஒரு வாரம் இதைப் பேசிவிட்டு நெல் விலைக்குத் திரும்பினார்கள்.

ஆனால் இனி நோய்க்குப் பெயர் சொல்ல உள்ளூரில் ஆள் வேண்டும். பெயர் தெரியாமலே சிலர் இறந்தும்போனார்கள். சஃபியுல்லா நாடெங்கும் விளம்பரம் கொடுத்தார். சென்னையிலிருந்து வந்த முதல் நிபுணர், சோதித்துப் பார்க்க ஒரு குழாயோடு பஸ் ஏறியவர் திரும்பவே இல்லை. தன் துணிப்பெட்டியைப் பார்சலில் அனுப்பச் சொன்னார். அடுத்தவர் ஆர்வமாகத்தான் சேர்ந்தார். எழுதிய கட்டுரைக்கு மருத்துவ இதழ் சான்று கேட்டபோது வெறும் கண்ணாடிகளைத்தான் அனுப்ப முடிந்தது. இங்கே இருந்தால் தன் பெயரும் வெளுத்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது.

மூன்றாவதாக நேர்காணலுக்கு வந்தவர் கோயம்புத்தூர் வினோதினி. கையில் வேறொரு பெரிய கல்லூரியின் வேலையும் இருந்தது. இது சும்மா பார்த்துவிட்டுப் போக வந்த வரவு. அன்று வாசலில் கிளிஞ்சல்மேட்டு மீன்காரி தையல்நாயகி வருகிறவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் மணிவேல் மூன்று நாளாக ஈறில் ரத்தம் வடிய மேல்மாடி வார்டில் கிடந்தான். என்ன நோய் என்று தெரியாமல் மருந்து கொடுக்க டாக்டர்கள் தயங்கினார்கள். தேர்வுக் குழு வழக்கமான கேள்விகளை ஆரம்பித்தது. வினோதினி இரண்டுக்குப் பதில் சொல்லிவிட்டு, வெளியே இருக்கும் அம்மாவுடைய வீட்டுக்காரரின் ரத்தத்தை முதலில் பார்க்கட்டுமா என்று கேட்டார். மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் குனிந்திருந்தார். ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை அது. அன்றே மாத்திரை தொடங்கினால் பெரும்பாலும் பிழைப்பார்கள், விட்டால் இரண்டு மூன்று நாளில் மூளையில் ரத்தம் கசியும். வேறு இடமாக இருந்தால் உறுதி செய்ய இன்னொருவருக்கு அனுப்புவார். இங்கே அனுப்ப வழியில்லை. கண்ணாடித் தகட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"டாக்டரம்மா, நீங்க இங்கயே இருப்பீங்களா, போயிருவீங்களா? அத மட்டும் சொல்லிருங்க" என்றாள் தையல்நாயகி.

"நான் பார்த்தது தப்பா இருந்தா, தப்புன்னு சொல்ல வேற ஆள் இல்லீங்க. தினமும் நானேதான் பார்த்தாகணும்" என்றார் வினோதினி. பிறகு மருந்தின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். இங்கே இன்னும் வேலைக்குச் சேராத ஒருவர் போட்ட கையெழுத்து அது. சஃபியுல்லா சீட்டை வாங்கி உடனே சென்னைக்குப் போன் போட்டார். மாத்திரைக்கு எல்லையில் தொல்லை இல்லை, அன்றிரவே வந்து சேர்ந்தது. வினோதினி ஊருக்குப் போக எடுத்த டிக்கெட் வீணானது. அவர் வாடகை வீடு எடுத்துப் பால் ஊற்ற ஆள் பிடித்த வாரத்தில் மணிவேலின் ஈறில் ரத்தம் வடிவது நின்றது. மழை முடிந்ததும் மணிவேல் கடலுக்குப் போனான்.

அதன்பின் வினோதினி ஆறு வருடத்தில் ஒரு கட்டுரைகூட அச்சில் பார்க்கவில்லை. அது அவருக்கு வலித்தது, மறைக்கவும் இல்லை. கூடப் படித்தவர்கள் மேடை மேடையாக ஏறினார்கள். இவர் விழிதியூர் ரத்தத்தையும் பூவம் ரத்தத்தையும் பார்த்துப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார், மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். நல்ல மீன் வந்தால் தையல்நாயகி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள், சைவம் என்று எத்தனை முறை சொன்னாலும்.

போன தை மாதம் இன்சூரன்ஸ் பரிசோதனைக்காக வினோதினி சென்னை போனார். ஊசி குத்திய நர்ஸ் சிரிஞ்சைப் பார்த்து வெலவெலத்துப்போனாள். உள்ளே தெளிந்த தண்ணீர் ஏறியது. வினோதினி அதை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"பயப்படாதீங்கம்மா. எனக்குக் காரைக்கால்" என்றார்.

பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு மத்தியான பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.