தொகிவாவுக்காக ஒன்பது சோடா

மூன்றாவது நீலச் சோடாவைக் குடித்து முடித்ததும் தெத்சுரோவுக்குப் பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. துக்கத்துக்கு உடுத்தும் கறுப்பு சூட், கறுப்பு டை, கையில் வெள்ளி நட்சத்திரம் மிதக்கும் குவளை. எதிரே அவர் மனைவியின் தங்கை தொமோமி, அவளும் தலை முதல் கால்வரை கறுப்பு. கடையில் இருந்த மற்றவர்கள் எல்லாம் ரிப்பனும் லேஸுமாக மின்னிக்கொண்டிருந்த பெண்கள். இந்த இருவரைப் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சீக்கிரம் பிரிங்க அத்தான்."

தெத்சுரோ வெள்ளி உறையைக் கிழித்து உள்ளே இருந்த அட்டையை எடுத்தார். குவளைக்கு அடியில் வைக்கிற வட்ட அட்டை. அதில் ஒரு சிவப்பு முடிக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"மறுபடியும் இவனா? நம்மளை விடவே மாட்டான் போலிருக்கே," என்றாள் தொமோமி. "குடிங்க, குடிங்க. இன்னும் ரெண்டு சொல்லிட்டேன்."

"வயிறு வெடிச்சிடும் தொமோமி."

"வெடிக்கட்டும். ரெண்டு பேரையும் ஒரே மண்டபத்துல வச்சிடலாம். செலவு மிச்சம்."

மணி பத்து ஐம்பது. ஒரு மணிக்கு அவர் மனைவி கயோகோவுக்கு இறுதிச் சடங்கு. அது முடிந்ததும் பூ வைத்துப் பெட்டியை மூடிவிடுவார்கள். முதல் ஆளாக நிற்க வேண்டிய கணவர், இகெபுகுரோ கடைத்தெருவில் ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்து நீலச் சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் காலையில் மண்டபத்தில் ஆரம்பித்தது. கயோகோவோடு பெட்டியில் வைக்க அவளுக்குப் பிடித்ததெல்லாம் ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தாள் தொமோமி. மண்டப ஊழியர் கொகாவா வெள்ளைக் கையுறையோடு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பேட்ஜ் இரும்பு, ஆகாது. நிற்கிற பொம்மை அக்ரிலிக், அதுவும் ஆகாது. சாவிக்கொத்து, விசிறி, பாலியஸ்டர் துண்டு, எதுவும் சரியாக எரியாது, தகன அடுப்பு கெட்டுவிடும். ஒவ்வொன்றுக்கும் குனிந்து மன்னிப்புக் கேட்டபடியே பையில் திருப்பிப் போட்டார். கடைசியில் தெத்சுரோ தன் பர்ஸிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். கடற்கரையில் அவரும் கயோகோவும் மக்காச்சோளம் கடித்துக்கொண்டிருக்கும் படம்.

"உயிரோட இருக்கறவங்க படத்த வைக்கறதில்லீங்க," என்றார் கொகாவா தாழ்ந்த குரலில். "இறந்தவங்க தங்களோடவே கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு சொல்லுவாங்க. காகிதத்துல வேற ஏதாவது இருந்தா தாராளமா வைக்கலாம்."

காகிதம் என்றதும் தொமோமி அத்தானின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்ஸிக்கு ஓடினாள்.

தொகிவாவைப் பற்றித் தெத்சுரோவிடம் கேட்டால் முகத்தைச் சுளிப்பார். பன்னிரண்டு ஊர்களின் பழைய மணிக்கூண்டுகள் பன்னிரண்டு அழகான இளைஞர்களாக மாறி ஊரைக் காக்கிற அனிமே கார்ட்டூன் தொடர் அது. தொகிவா அதில் ஒருவன். வெள்ளி முடி, ஒரு கண்ணில் கட்டு, எங்கே போனாலும் பத்து நிமிடம் தாமதம். கயோகோவுக்கு ஐம்பத்தெட்டு வயது. சூப்பர் மார்க்கெட்டில் நாள் முழுக்கக் கொரோக்கே என்னும் உருளைக்கிழங்கு வடை பொரித்துவிட்டு எண்ணெய் வாசனையோடு வீட்டுக்கு வந்து, கைகூடக் கழுவாமல் தொகிவா படத்துக்கு வணக்கம் சொல்லுவாள். ஆறு வருடம். தெத்சுரோவுக்கு வந்தது பொறாமை இல்லாமல் வேறென்ன? வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் சொன்னதில்லை.

அந்தத் தொடரின் பெயரில் இரண்டு மாதம் நடந்த கஃபே இன்றோடு முடிகிறது. எந்தச் சோடா சொன்னாலும் ஓர் அட்டை. யார் முகம் வரும் என்பது உறையைக் கிழித்தால்தான் தெரியும். கயோகோ நான்கு தடவை வந்தாள், ஒரு தடவைகூட தொகிவா வரவில்லை. ஐந்தாவது தடவைக்குக் குலுக்கலில் இடம் கிடைத்தது, அதற்குள் ஆஸ்பத்திரி. அந்த இடத்தில்தான் இப்போது இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"கயோகோ சாமா, தெத்சுரோ சாமா, உங்க சோடா," என்று பணிப்பெண் மரியாதையாகப் பெயர் சொல்லி இரண்டு குவளைகளை வைத்தாள்.

தெத்சுரோ திடுக்கிட்டார். "என் பேரு எப்படி இவங்களுக்குத் தெரியும்?"

"அக்காதான் பதிஞ்சா. கூட வர்றவர் பேருன்னு கேட்டிருப்பாங்க."

"என்கிட்ட சொல்லவே இல்லியே."

"சொன்னா வந்திருப்பீங்களா?"

மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பார். அது அவருக்கும் தெரியும், கயோகோவுக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் பெயரைப் போட்டிருக்கிறாள். அந்த நினைப்பைச் சோடாவோடு சேர்த்து ஒரே மூச்சில் விழுங்கினார்.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. நாலு, அஞ்சு, ஆறு. அவரே கையைத் தூக்கி அடுத்ததைக் கேட்டார். ஒவ்வொரு உறையையும் கிழிக்குமுன் மேசையில் இரண்டு தடவை தட்டினார். கண்ணாடிக்காரன் வந்தான். இரட்டையர்கள் வந்தார்கள். சிவப்பு முடிக்காரன் மூன்றாவது தடவையாக வந்தான். பக்கத்து மேசைப் பெண்கள் வேடிக்கை பார்ப்பதை விட்டு அவரோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். எட்டாவது உறையில் வெள்ளி முடி ஓரம் தெரிந்தபோது யாரோ ஒருத்தி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். முழுசாக எடுத்தால் வெள்ளி முடிக் கிழவன், கதையில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன்.

ஒன்பதோடு நிறுத்திவிட்டார்கள். இனிமேல் ஆர்டர் இல்லை என்று பணிப்பெண் குனிந்து சொன்னாள். மணி பதினொன்றரை.

"மாத்திக்கலாம்," என்றாள் தொமோமி. கடையின் வழக்கம் அது. கையில் இருப்பதைக் கொடுத்து வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம், ஒன்றுக்கு ஒன்று. அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரோரம் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். அவள் பையின் ஒரு பக்கம் முழுக்கத் தொகிவா பேட்ஜ், இடைவெளியே இல்லாமல். மேசையில் சீட்டுக்கட்டுபோல அட்டைகள், மேலே இருந்தது தொகிவா. அடுத்ததும் தொகிவா.

தொமோமி ஓடினாள். தெத்சுரோ பின்னாலேயே போனார், வயிற்றில் சோடா குலுங்க.

"உங்ககிட்ட இத்தனை இருக்கே, ஒண்ணு மாத்திக்கறீங்களா?"

"தாராளமா." பேட்ஜ்காரி சிரித்த முகமாக அட்டைக்கட்டை எடுத்தாள்.

"ரொம்ப நன்றிங்க. எங்க அக்காவுக்குத் தொகிவான்னா உயிரு," என்றாள் தொமோமி.

பேட்ஜ்காரியின் கை நின்றது. முகம் அப்படியே இறுகிப்போனது. "அப்படீன்னா முடியாதுங்க. மன்னிச்சுக்கங்க."

"ஏன்?"

"நான் அவரை யாரோடவும் பங்கு போட்டுக்கறதில்ல. அவரப் பிடிக்கும்னு சொல்றவங்களுக்குக் குடுக்கறதில்லன்னு வச்சிருக்கேன்."

இப்படிப்பட்ட ரசிகைகள் உண்டு என்பது தொமோமிக்குத் தெரியும். வாயை அடக்காமல் உளறிவிட்டோம் என்பதும் புரிந்தது. ஆனாலும் கோபம் முந்திக்கொண்டது. "எங்க அக்கா செத்துட்டாங்க. செத்தவங்க கூடயா உனக்குப் போட்டி?"

பேட்ஜ்காரி வெளிறிப்போனாள். ஆனால் அட்டைக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள், விடவில்லை.

"சும்மா இரு தொமோமி," என்றார் தெத்சுரோ. "அவங்க சொல்றது எனக்குப் புரியுது."

அவர் அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்தார். உதடு, நாக்கு, பல் எல்லாம் நீலம்.

"நானும் அப்படித்தாம்மா. என் சம்சாரத்த இவரோட பங்கு போட்டுக்க எனக்கு மனசு வரல. இவர் மூஞ்சி போட்ட துண்டத் துவைச்சா, காயப்போடறப்போ கவுத்துத்தான் போடுவேன். டிவில இவர் வந்தா எழுந்து குளிக்கப் போயிடுவேன். ஆறு வருஷம். இன்னைக்கு அவளோட என் படத்த வைக்கப் பாத்தேன். உயிரோட இருக்கறவன் கூடப் போகக் கூடாதாம். இவரு போலாமாம், காகிதமா இருந்தா. தனியாப் போறாளேன்னுதான் கேக்கறேன். எனக்கு இன்னும் இவரப் பிடிக்கல."

பேட்ஜ்காரி அவரையே பார்த்தாள். பிறகு கட்டைப் பிரித்துத் தேட ஆரம்பித்தாள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்தில் சின்னக் கீறல், வைத்துவிட்டாள். இன்னொன்று. அதுவும் பிடிக்கவில்லை. ஐந்தாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் தெத்சுரோவிடம் நீட்டினாள். தொமோமி கையை நீட்டியபோது அட்டையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இவருக்குத்தான் குடுக்கறேன். இவருக்குத்தான் அவரப் பிடிக்கலியே."

"சுத்தமாப் பிடிக்காது," என்றார் தெத்சுரோ.

"பதிலுக்கு ஒண்ணு தாங்க. மாத்திக்கறதுதான் முறை."

சிவப்பு முடிக்காரன் ஒருவன் குறைந்தான். பக்கத்து மேசைகளில் யாரோ கைதட்ட, கடை முழுக்கத் தட்டியது. தெத்சுரோ எல்லாருக்கும் ஒரு தடவை குனிந்து வணங்கிவிட்டு லிஃப்டை நோக்கி ஓடினார். அறுபத்தோரு வயதில் அப்படி ஓடியதில்லை. சட்டைப் பையில் அட்டை, அதன்மேல் உள்ளங்கை.

பன்னிரண்டே முக்காலுக்கு மண்டபம் வந்தார்கள். கொகாவா எதையும் கேட்காமல் ஈரத் துணியை நீட்டி, "உதடு," என்றார். எவ்வளவு துடைத்தும் நீலம் போகவில்லை. அந்த உதட்டோடுதான் தெத்சுரோ வந்தவர்களுக்கு நன்றி சொன்னார். முன்வரிசையில் தொமோமி முகத்தைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். பின்னால் இருந்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்தார்கள். பாதி உண்மை.

பூ வைக்கும் நேரம் வந்தது. தெத்சுரோ அட்டையை எடுத்துக் கயோகோவின் இடது கன்னத்தோரம் வைத்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு ஓடியதும் குடித்ததும் அவள் சந்தோஷத்தில் ஒரு சத்தம் போடுவாள் என்ற நினைப்பிலோ என்னவோ.

உறவுக்காரர்கள் வெள்ளை லில்லிகளையும் சாமந்தியையும் கொண்டுவந்து காலடியில், இடுப்போரம், தோளோரம் அடுக்கினார்கள். வலது பக்கம் பூவோடு வந்த தொமோமியின் கையைத் தெத்சுரோ தடுத்தார்.

"இங்க வேணாம்."

"ஏன் அத்தான்? வெறிச்சுன்னு இருக்கே."

"அது என் பக்கம்."

தொமோமி பூவைக் கொண்டுபோய்க் காலடியில் வைத்தாள். அடுத்து வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். கொகாவா மூடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பெட்டி முழுக்கப் பூ நிறைந்திருந்தது. கயோகோவின் வலது தோளோரம் மட்டும், ஒரு கை அகலத்துக்கு, வெள்ளைத் துணி தெரிந்தது.