சோராவின் அப்பா உயரம் குறைந்த கதை

தோங்யோங் துறைமுகத்துக்கு மேலே, மேட்டிலிருக்கும் மழலையர் பள்ளியின் இரண்டாம் அறைக்குள் நுழையும் எந்தப் பெரியவரும் ஐந்து வயதுக் குழந்தையின் உயரத்துக்குக் குறைந்துவிடுவார். வெளியே வந்ததும் பழையபடி ஆகிவிடுவார். ஓக் மியோங்சுக் டீச்சர் கால அட்டவணையைக் கிழித்துவிட்டு, பெஞ்சுகளை வராந்தாவுக்குத் தள்ளி, ஒவ்வொரு பிள்ளையிடமும் "இன்னிக்கு என்ன பண்ணலாம்?" என்று கேட்கத் தொடங்கிய ஏப்ரல் மாதத்திலிருந்து இப்படி. முதலில் டீச்சரே குறைந்தார். மூக்குக் கண்ணாடியை வைத்துத்தான் பிள்ளைகள் அவரை அடையாளம் கண்டார்கள். பால் கொண்டுவருகிறவர் இரண்டு நாள் முணுமுணுத்தார், பிறகு பால்பெட்டியை உள்ளே தூக்கிவரப் பிள்ளைகளைத் துணைக்குக் கூப்பிடக் கற்றுக்கொண்டார். கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர் நிலைக்கதவை அளந்து, குறையொன்றுமில்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

படகு எஞ்சின் பழுதுபார்க்கும் தாக் கிபோம் மட்டும், மகளை அங்கே சேர்த்து இரண்டு வருடமாகியும், அந்தப் பக்கம் வரவில்லை. அவரது மகள் சோரா நாற்பது நாளாகச் சிப்பி ஓடுகளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். டீச்சர் தடுக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை எழுதிவைத்தார். பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று மூன்று முறை வீட்டுக்குக் கடிதமும் அனுப்பினார். நான்காவது கடிதம் போன அன்று கிபோம் வாசலில் வந்து நின்றார்.

"ஒரு எழுத்து தெரியாது அவளுக்கு. வீட்டுலயும் கூப்பிட்டா திரும்ப மாட்டா, அவ்வளவு திமிரு. நீங்க காதுன்னு கதை கட்டுறீங்க!"

"உள்ள வந்து அவகிட்டயே பேசுங்க," என்றார் டீச்சர்.

ஆறடி மனிதர் கோபத்தோடு காலை எடுத்து வைத்து, மூன்றரை அடியாக உள்ளே போய்ச் சேர்ந்தார்.

"மாமா, ஷூவைக் கழட்டுங்க," என்றான் ஒரு பொடியன். "தண்ணி விளையாட்டுக்கு நாலு பேருதான். வரிசையில நில்லுங்க."

நின்றார். முறை வந்ததும் மகளுக்குப் பின்னால் போய் "சோரா" என்றார். அவள் திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். ஓட்டிலிருந்து ஓட்டுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எதிரே போய் உட்கார்ந்தார். அவள் நிமிர்ந்து, அவர் கண்ணைப் பார்க்காமல் உதட்டைப் பார்த்தாள்.

"அப்பா, உன் வாய் இங்க நல்லாத் தெரியுது," என்றாள். "வீட்டுல ரொம்ப மேல இருக்கு."

 அவர் அவள் கொடுத்த ஓடுகளை வாங்கி, சாப்பாட்டு நேரம் வரை தண்ணீர் ஊற்றினார்.

அந்த வாரமே அவளைப் பூசான் நகரத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே டாக்டர்கள் சோராவின் இரண்டு காதுகளிலும் தேங்கிக் கிடந்த நீரை வடித்தெடுத்தார்கள். திரும்பும் வழியில் பஸ்ஸின் வைப்பர் சத்தத்தைக் கேட்டு அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். கிபோம் வீட்டுக்குப் போகாமல் நேரே பள்ளிக்கு வந்து, துறைமுகத்தில் வாங்கிய ஒரு கூடைச் சிப்பியை வைத்துவிட்டு டீச்சர் முன் இடுப்பு வளையக் குனிந்து நின்றார். "புதன்கிழமை தூரிகை கழுவ ஆள் வேணும்," என்றார் டீச்சர்.

பன்னிரண்டு வருடம் புதன் தவறாமல் போனார். வெளியே வந்தபின் அவரது உயரம் முழுதாகத் திரும்பாமல் போனது எந்தப் புதனிலிருந்து என்று யாருக்கும் தெரியாது. நான்கு விரற்கடை குறைந்திருந்தது. அவர் மனைவி எல்லாக் கால்சட்டைகளையும் மடித்துத் தைத்துவைத்தாள்.