விழும்போது பிடித்த கை

சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்து, அடிபட்ட பிள்ளையைக் கிடத்துவது போலக் கேமராவைக் கிடத்தியிருந்தார் போட்டோக்காரர். லென்ஸின் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி விரிசல். லென்ஸைக் கேமராவோடு சேர்க்கிற வளையம் பிளந்து, தொட்டால் ஆடியது. விடிந்ததிலிருந்து அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்தால் விரிசல் போய்விடுமா என்ன. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

"போதும் விடுங்க. தேய்ச்சுத் தேய்ச்சு இருக்கிறதும் போயிடப் போகுது" என்று டீயை வைத்தாள் மனைவி. "இந்தாங்க, உங்க சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில இது கிடந்துச்சு."

கேமராவுக்குப் பக்கத்தில் போகாமலே படம் எடுப்பதற்கான வயர் பட்டன் அது. ஒரு முனையில் பட்டன், மறுமுனையைக் கேமராவில் செருக வேண்டும். பட்டனை அழுத்திப் பிடித்திருக்கிற வரை கேமரா படம் எடுத்துக்கொண்டே இருக்கும். செருகும் முனை வளைந்திருந்தது. அவர் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. துண்டின் ஓரமாகத் தள்ளி வைத்தார்.

அந்த வீட்டில் அடுப்பு எரிவதே அந்தக் கேமராவால்தான். அடுத்த வாரத்துக்கு வேலை ஒப்புக்கொண்டாயிற்று. வெறுங்கையோடு போய், விரலை வளைத்துக் கண்ணில் வைத்துக்கொண்டா படம் எடுக்க முடியும்?

முந்தின நாள் ஒரு வாடகை ஹாலில் ஏதோ கம்பெனியின் ஆண்டு விருந்து. எல்லோரையும் மேடையில் நிறுத்தி, எதிரே ஸ்டாண்டில் கேமராவை வைத்திருந்தார். ஓரத்தில் நின்ற நெட்டையனைப் பின்னால் தள்ளி நிற்கச் சொல்ல மேடைப் பக்கம் நடந்தார். பின்னால் சத்தம். திரும்பிப் பார்த்தால் ஸ்டாண்டு கீழே கிடக்கிறது. ஹாலைக் கூட்டுகிற அம்மா முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறாள், அவள் கையில் கேமரா. அதற்குமேல் என்ன விசாரணை வேண்டிக் கிடக்கிறது? "கண்ணு தெரியலையா உனக்கு? கூட்ட வந்தியா, இடிக்க வந்தியா?" என்று ஹாலே அதிரக் கத்திவிட்டார். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். ஹால் மேனேஜர் வந்து அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டார்.

டீ ஆறுவதற்குள் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். இன்சூரன்ஸ் ஏஜென்ட். கேமராவுக்குப் பாலிசி போட்டுக் கொடுத்ததும் அவன்தான். துக்க வீட்டுக்கு வருகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நுழைந்தவன், விரிசலைப் பார்த்ததும் மலர்ந்துவிட்டான்.

"மாமா, இதை ரிப்பேர் பண்ணவே கூடாது. கிளெய்ம் போடுவோம். புதுசாவே வாங்கிடலாம்."

"தருவானா?"

"உங்க கவனக்குறைவால விழுந்திருந்தா ஒண்ணும் தர மாட்டான். அடுத்தவங்க தட்டிவிட்டா முழுசா தருவான். அந்தக் கூட்டுற பொம்பள இடிச்சுத் தள்ளிட்டான்னு நீங்க எழுதிக் கொடுங்க, ஹால் மேனேஜர்கிட்ட இப்பவே போன்ல சொல்லிவெச்சு ஒரு கையெழுத்து வாங்குவோம். முடிஞ்சுது கதை."

"அந்தம்மா வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றாள் மனைவி.

"ஆனா என்னக்கா? துடைப்பம் இந்த ஒரு ஹால்ல மட்டுமா இருக்கு?"

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "அவ தட்டினதை நீங்க பார்த்தீங்களா?"

"கையில வெச்சிருந்தாளே."

"கையில வெச்சிருக்கிறவங்க எல்லாம் தட்டினவங்களா? அப்படின்னா இப்ப நீங்களும்தான் கையில வெச்சிருக்கீங்க."

அவர் டம்ளரை எடுத்தார். டீயைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

பழுதுக்கு எவ்வளவு ஆகும் என்று கடைக்காரர் எழுதித் தர வேண்டும், அதுவும் கிளெய்முக்குத் தேவை என்றான் மச்சினன். அவனுடைய பைக்கிலேயே போனார்கள். அந்தக் கடைக்காரரை ஊரில் எல்லோரும் 'பொறுமை' என்றுதான் கூப்பிடுவார்கள். எப்போது ஆகும் என்று யார் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒரு வார்த்தைதான்.

பொறுமை, லென்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். வளையத்தை விளக்கில் காட்டினார். கேமராவை மட்டும் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "லென்ஸ் போச்சு. அதுக்கு அழுது பிரயோஜனமில்லை. ஆனா கேமரா உயிரோட இருக்கு" என்றார்.

"அவ்வளவு உயரத்துல இருந்து விழுந்துச்சே."

"தரையில விழுந்திருந்தா இந்த மூலையெல்லாம் நசுங்கியிருக்கும். இது விழல. லென்ஸ் மட்டும் ஸ்டாண்டுல இடிச்சிருக்கும், கேமரா எதுமேலயோ மெதுவா இறங்கியிருக்கு." பேட்டரியைப் போட்டுப் பின்பக்கத் திரையை எரியவிட்டார். கடைசியாக எடுத்த படங்கள் வரிசையாக வந்தன. "இதென்ன, விழும்போதும் எடுத்துக்கிட்டே இருந்திருக்கு?"

போட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

முதல் படத்தில் மேடையில் கூட்டம். அதை மறைத்துக்கொண்டு ஒரு முதுகு. அவருடைய முதுகுதான். வலது கை முஷ்டி மடங்கியிருக்கிறது. அந்த முஷ்டியிலிருந்து வயர் விறைப்பாகக் கேமராவை நோக்கி நீள்கிறது. பட்டனைக் கீழே வைக்க மறந்து, அழுத்திப் பிடித்தபடியே நடந்திருக்கிறார். மாட்டைக் கயிற்றில் இழுக்கிறவன் மாதிரி ஸ்டாண்டை அவரே இழுத்திருக்கிறார்.

அடுத்த படத்தில் மேடை சாய்ந்திருந்தது. அதற்கடுத்ததில் தரையும், தூக்கிப் போட்ட துடைப்பமும். அதற்கும் அடுத்ததில் இரண்டு கைகள். விரல்கள் விரிந்து, நீல யூனிபார்ம் சட்டையின் கைப்பகுதி மேலே சுருண்டு, எதையோ ஏந்த வருகிற மாதிரி. கடைசிப் படம் முழுக்க ஓர் உள்ளங்கை. காய்ப்புக் காய்த்த உள்ளங்கை. அதில் ரேகைகூடத் தெரிந்தது.

பட்டன் கையில் இருந்த ஞாபகமே அவருக்கு இல்லை. வயர் பிடுங்கிக்கொண்டு வந்த பிறகு, அந்தக் கத்தலுக்கு நடுவில் அதைச் சட்டைப் பையில் போட்டிருக்கிறார். வளைந்த முனை நினைவுக்கு வந்தது. காலையில் மனைவி அதை அவர் கண் முன்னால்தான் வைத்தாள்.

மச்சினனும் பார்த்துவிட்டான். பிறகு அவன் குரலைத் தாழ்த்தினான். "மாமா, இதை அழிச்சுடுங்க. ஒரு விரல் வேலை. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே மாப்ள."

"இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் கோடி கோடியா வெச்சிருக்கான். அவனுக்கு இது ஒரு கொசுக்கடி."

போட்டோக்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அழிக்கிற பட்டன் பெருவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அழித்தால் புதுக் கேமரா, புது லென்ஸ். அழிக்காவிட்டால் பழைய கேமராவும், யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற லென்ஸும்தான். அந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால், இங்கே மேசையில் இருப்பது பழைய இரும்பு. பிடித்த கையைத்தான் தள்ளிய கை என்று எழுதிக் கொடுக்கப் பார்த்தோம் என்று நினைத்தபோது அவருக்கு உடம்பு கூசியது.

"வண்டியை எடு மாப்ள. ஹாலுக்குப் போகணும்."

ஹாலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டுகிற அம்மா மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள். இடது கையால் பெருக்கிக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராக நின்றாள்.

"எழுதிக் கொடுக்க வந்தீங்களா சார்? மேனேஜர் அந்த ரூம்ல இருக்கார். நீங்க எழுதிக் கொடுத்தா நான் நாளைக்கு வர வேணாமாம். இன்னைக்குப் பெருக்கி முடிச்சுட்டே போறேன்."

அவர் கேமராவை நீட்டிப் படங்களைக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசிப் படத்தில் சிரித்துவிட்டாள். "என்னை யாரும் படம் எடுத்ததில்ல. எடுத்ததும் எடுத்தீங்க, முகத்தை விட்டுட்டுக் கையை மட்டும் எடுத்திருக்கீங்க."

"கை வலிக்குதாம்மா?"

"நேத்து நீங்க பேசினதுக்கு இது பரவாயில்ல."

அவர் தலை குனிந்தது. "உங்க பொருள் இல்ல, உங்க வேலையும் இல்ல. அப்புறம் எதுக்கும்மா ஓடி வந்து பிடிச்சீங்க?"

"குழந்தை விழுந்தா, யாரு வீட்டுக் குழந்தைன்னு கேட்டுட்டா பிடிப்போம்? விழுந்துச்சு, பிடிச்சேன்."

போட்டோக்காரர் மேனேஜரை வெளியே கூப்பிட்டார். நாற்காலி அடுக்குகிறவர்களையும் கூப்பிட்டார். "நேத்து நான் திட்டினதை எல்லாரும் கேட்டீங்க. இதையும் கேளுங்க. கேமராவைத் தள்ளினது நான். காப்பாத்தினது இவங்க. இவங்க இல்லாட்டி என் வீட்ல அடுப்பு அணைஞ்சிருக்கும். ரொம்ப நன்றிம்மா. என்னை மன்னிச்சுடுங்க." நேற்றுக் கத்திய அதே சத்தத்தில் சொன்னார். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீ கைக்கு வைத்தியம் பார்த்துட்டு வாம்மா, வேலை எங்கயும் போகாது" என்றார்.

"வைத்தியத்துக்கு நான் கூட்டிட்டுப் போறேன். என் வீட்டுக்காரியும் வருவா. காலையில உங்களுக்காகப் பேசின ஒரே ஆள் அவதான்" என்றார் போட்டோக்காரர்.

வெளியே பைக்கில் சாய்ந்து நின்ற மச்சினன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். மாமாவின் முகத்தைப் பார்க்காமல் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே கேட்டான். "அப்ப கிளெய்ம் வேணாமா?"

"நடந்ததை நடந்தபடியே எழுது. என் கவனக்குறைவுன்னே எழுது. கொடுத்தா வாங்கிக்குவோம், இல்லைன்னா பொறுமை இருக்கார், ரிப்பேர் பண்ணிக்குவோம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ மாப்ள. பெரிய கம்பெனியைத்தானே ஏமாத்துறோம், யாருக்கு என்ன நஷ்டம்னு நாம நினைக்கிறோம். ஆனா பொய் கம்பெனி வரைக்கும் போறதே இல்ல. வழியில பதில் பேச முடியாத ஒரு ஏழை யாருன்னு பார்த்து, அவங்க தலையில இறங்கிடுது."

மச்சினன் சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினான்.

"நீங்க பஸ்ல போய் அக்காவைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க மாமா" என்றான். "அந்தம்மாவை நான் வண்டியில ஏத்திக்கிறேன். துடைப்பத்தைப் பத்தி நான் பேசினதுக்கு நானும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கு."