எரிக் விரல் நின்ற இடம்

ராஜா அண்ணாமலைபுரத்துப் பள்ளியின் மாடி வகுப்பறையில் அந்தச் சனிக்கிழமை காலை தெர்மோகோல் தூள் பறந்துகொண்டிருந்தது. வரைபடத்தின் ஒவ்வொரு சம உயரக் கோட்டையும் ஒரு தெர்மோகோல் அடுக்காக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, பிளாஸ்டர் பூசி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஓர் இமயமலைப் பள்ளத்தாக்கையே மேஜைமேல் எழுப்பியிருந்தார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தவள் பூகோள டீச்சர் ஜொவிட்டா. ஏழு மாதத்துக்கு முன் அவள் கணவன் வால்டர் அங்கேதான் செத்தான். உடல் கிடைக்கவில்லை. சவப்பெட்டி இல்லாமலே சர்ச்சில் இரங்கல் பூசை நடந்தது. அவனைத் தேடிக் கொண்டுவந்து மண்ணில் வைக்காமல் விடுவதில்லை என்று அவள் இருந்தாள்.

மலையைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச எரிக் வந்திருந்தான். வால்டரின் சித்தப்பா மகன். மலையேற்றத்துக்கு ஆள் கூட்டிப் போவது அவன் தொழில். வால்டரோடு கடைசியாக நடந்தவனும் அவனே.

வால்டர் விழுந்த இடம் இதுதான் என்று எரிக் அன்று போலீஸுக்குப் புள்ளி வைத்துக் கொடுத்த வரைபடத்தின் நகல் நேற்றுத்தான் தபாலில் வந்திருந்தது. மாணவி ரூபீனா அதைப் பார்த்து மாடலில் குண்டூசியைக் குத்தினாள். குத்தியவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"மிஸ், இங்க மெரினா மணல் மாதிரி சமமா கீது. வால்டர் சார் இருநூறு அடி உருண்டாருன்னாங்களே, எங்கேர்ந்து?"

"தூக்கத்துல புரண்டாகூட விழ மாட்டோம் மச்சி!" என்றான் தௌசீஃப். வகுப்பே சிரித்தது.

ஜொவிட்டா குனிந்து குண்டூசி நின்ற இடத்தைப் பார்த்தாள். ஆறு அறுத்தால் பள்ளத்தாக்கு 'வி' வடிவம். பனியாறு செதுக்கினால் 'யூ' வடிவம், அடித்தளம் தட்டை. காலையில்கூட அதைத்தான் நடத்தினாள். கோடுகள் நெருங்கும் இடம்தான் செங்குத்து. மலைவழி தெரிந்தும் வரைபடம் படிக்கத் தெரியாத எரிக்கோ இரண்டு பக்கக் கோடுகளுக்கு நடுவே வெறுமையாகக் கிடந்த இடத்தை அதலபாதாளம் என்று நினைத்துப் பொய்ப் புள்ளி வைத்திருக்கிறான்.

"எல்லாரும் கீழ போங்க. பிரேக்."

கடைசிப் பிள்ளை வெளியேறியதும் எரிக் கதவைத் தாழிட்டான்.

"அண்ணி, பசங்க ஏதோ உளறுது. இதைக் கலைச்சிடலாம்."

"போலீஸ் பார்க்கட்டும், அப்புறம் கலைக்கலாம்."

எரிக் ஸ்டூலைத் தூக்கி மாடல்மேல் இறக்கினான். ஒரு மூலை நொறுங்கியது. அவள் குறுக்கே பாய்ந்தாள். அவன் விட்ட அறையில் அவள் உதடு கிழிந்தது. அடுத்த நொடி அவன் இரண்டு கையும் அவள் கழுத்தில்.

"போன வருஷம் ஒரு கஸ்டமரை மலைமேலயே விட்டுட்டு வந்தேன். செத்துட்டான். அதைப் போய்ப் போலீசுல சொல்வானாம் உன் புருஷன், பெரிய யோக்கியன்!"

அவளுக்குக் கண் இருட்டியது. துழாவிய கைக்குப் பிளாஸ்டர் பவுடர் பை அகப்பட்டது. ஒரு கைப்பிடி அள்ளி அவன் கண்ணில் அப்பினாள். எரிக் அலறிக்கொண்டு பின்வாங்கினான். அவன் போட்ட ஸ்டூலையே எடுத்து முழங்காலில் வீசினாள். எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. விழுந்தவன் முதுகில் ஏறி உட்கார்ந்தாள். தெர்மோகோல் வெட்டும் கத்தி அவன் காதுக்குக் கீழே அழுந்தியது.

"எங்க தள்ளின?"

"அண்ணி, கண்ணு எரியுது, தண்ணி..."

கத்தி தோலைக் கிழித்தது.

"எங்க?"

தலைமுடியைப் பிடித்து இழுத்து அவனை மேஜையோரம் நிமிர்த்தினாள். கழுத்தைப் பொத்தியிருந்த அவன் வலது கையைப் பிடுங்கி மாடல்மேல் வைத்தாள். குருடாகிப்போன எரிக் ரத்த விரலால் மலையைத் தடவினான். தட்டைத் தரையைத் தாண்டி, அடுக்குகள் நெருங்கிய சுவரில் ஏறி, உச்சிக்குக் கீழே பனி குடைந்த கிண்ணம் போன்ற குழியில் விரல் இறங்கி நின்றது.

"இந்தக் குழிதான். விளிம்புல நின்னு போட்டோ எடுத்துக்கினு இருந்தான்."

கதவு தடதடத்தது.

"மிஸ்! இன்னா மிஸ் சத்தம்? ஏன் கதவு சாத்தி கீது?"

"ரூபீனா, வாட்ச்மேனைக் கூப்பிடு. போலீஸுக்குப் போன் போடச் சொல்லு."

தாழ்ப்பாளைத் திறக்க அவள் உடனே போகவில்லை. ஒரு கையால் கத்தியை அழுத்தியபடி, மறுகையால் அந்த ரத்தப் புள்ளிக்குக் கீழே எத்தனை அடுக்கு, வால்டர் கிடக்கும் உயரம் எவ்வளவு என்று கீழிருந்து எண்ணத் தொடங்கினாள்.